சின்கோ டி மாயோ: வாழ்த்துச் சொல்வதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே 5 வந்தால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பலர் மெக்சிகோ நண்பர்களுக்கு "சுதந்திர தின வாழ்த்துகள்" அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பாதீர்கள். மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16, அதாவது 1810இல் மிகேல் இடால்கோ என்ற பாதிரியார் ஸ்பெயினுக்கு எதிராக மக்களைத் திரட்டிய நாள். சின்கோ டி மாயோ (ஸ்பானிஷில் "மே 5" என்று பொருள்) அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்த ஒரு சண்டையின் நினைவு.

சண்டைக்குக் காரணம் கடன். உள்நாட்டுப் போரில் கஜானா காலியாகிவிட, 1861இல் அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸ் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் வசூலுக்குக் கப்பல் அனுப்பின. முதல் இரண்டும் பேசி முடித்துத் திரும்பிவிட்டன, பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோ நாட்டையே வளைத்துப்போடலாம் என்று கணக்குப் போட்டார். 1862 மே 5 அன்று புவெப்லா நகரில், சுமார் 6,000 பிரெஞ்சு வீரர்களை அதைவிடச் சிறிய, ஆயுதமும் குறைவான மெக்சிகோ படை விரட்டியடித்தது. தளபதி இக்னாசியோ சரகோசா பிறந்த இடம் இன்றைய டெக்சாஸில் இருக்கிறது.

அந்த வெற்றியோடு பிரான்ஸ் மூட்டை கட்டிவிட்டது என்று எழுதுவதும் தவறு. அடுத்த வருடமே திரும்பி வந்து புவெப்லாவையும் தலைநகரையும் பிடித்தார்கள், ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை மெக்சிகோவின் பேரரசராக உட்கார வைத்தார்கள், 1867இல்தான் அந்தக் கதை முடிந்தது.

இப்போது விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறுக்கு வருவோம், எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான்: "இது பீர் கம்பெனிகள் கிளப்பிவிட்ட பண்டிகை, மெக்சிகோவில் யாருமே கண்டுகொள்வதில்லை" என்பது. 1980களில் பீர் விளம்பரங்கள் இதை ஊதிப் பெருக்கியது உண்மை. ஆனால் புவெப்லா செய்தி வந்ததுமே கலிபோர்னியாவில் குடியேறியிருந்த மெக்சிகர்கள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள், ஊருக்கு ஊர் தேசபக்தச் சங்கங்கள் வைத்து ஹுவாரெஸுக்குப் பணமும் திரட்டினார்கள். அப்போது அமெரிக்காவிலும் அடிமை முறையை ஒட்டி உள்நாட்டுப் போர். பிரான்ஸ் ஜெயித்தால் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலங்களுக்குக் கை கொடுக்கும் என்ற பயம் கலிபோர்னியா மெக்சிகர்களுக்கு இருந்தது, அதனால் புவெப்லாவில் கிடைத்த வெற்றி அவர்களுக்கு இரண்டு நாட்டுக்குமான வெற்றி. பிறகு 1960, 70களில் சிகானோ இயக்கத்து (அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினரின் உரிமை இயக்கம்) மாணவர்கள் இதே நாளைத் தங்கள் உரிமைப் போராட்டத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காக எல்லா மெக்சிகருக்கும் இது பெரிய நாள் என்றும் நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் இது சட்டப்படி கட்டாய விடுமுறை நாள் அல்ல, பெரிய அணிவகுப்பெல்லாம் புவெப்லாவில்தான். வேறு மாநிலத்துக்காரரிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார். நியூயார்க்கில் புவெப்லாக்காரர்கள் நிறைய, அவர்களிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

அப்புறம், ஆபீஸ் பார்ட்டிக்கு ஒட்டு மீசையும் அகலத் தொப்பியுமாகப் போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், பக்கத்து இருக்கை மெக்சிகருக்கு அது கேலியாகத்தான் படும். சாப்பிடுவதாக இருந்தால் மோலே பொப்லானோ கேட்டுப் பாருங்கள். காய்ந்த மிளகாய், எள், கொஞ்சம் சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்த கெட்டிக் குழம்பு, புவெப்லாவின் சொந்தச் சரக்கு.