அம்மாவுக்கு ‘ஆள்’, அப்பாவுக்கு ‘ஆர்’: மொழிப் பாடநூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிப்பாடம் எழுதப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்தி வருகிறேன். ஆணையும் பெண்ணையும் காட்டும் விதத்தில், புதிதில் நான் செய்த தவறுகளே மறுபடி மறுபடி கண்ணில் படுகின்றன. அம்மாவை அடுப்படியிலேயே நிறுத்தக் கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

விகுதியில் மரியாதையைக் குறைப்பது

இந்த ஒன்றில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. “அப்பா சொன்னார்” என்று எழுதிய கை அடுத்த வரியிலேயே “அம்மா சொன்னாள்” என்கிறது. தாத்தா வந்தார், பாட்டி வந்தாள். கேட்டால், “வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம், அது நெருக்கம்” என்கிறார்கள். அந்த நெருக்கம் அப்பாவிடம் இல்லையா? ‘ஆர்’ பலர்பால் விகுதி. ஒருவருக்கு வரும்போது மரியாதைப் பன்மை. யாருக்கு அதைத் தருவது என்று இலக்கணம் சொல்லவில்லை. எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார்.

என் முதல் பயிற்சி நூலில் “அம்மா கடிதம் எழுதி____” என்று கோடிட்ட இடம் வைத்து, விடைக்குறிப்பில் ‘னாள்’ என்று மட்டும் போட்டிருந்தேன். ஒரு சிறுமி ‘னார்’ என்று நிரப்பினாள். ஆசிரியர் என் குறிப்பைப் பார்த்துத் தவறு போட்டுவிட்டார். “என்னை மரியாதையாச் சொன்னது தப்பா?” என்று அந்தத் தாய் நோட்டோடு வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நூல் ஏற்கெனவே வகுப்புகளுக்குப் போய்விட்டது. திருத்தச் சீட்டு அனுப்பினோம், பாதிப் பேருக்குக்கூடச் சேரவில்லை. மறுபதிப்பு வர நான்கு ஆண்டுகள் ஆயின.

எழுதி முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். பெரியவர் எல்லோருக்கும் ‘ஆர்’, சிறுவர்களுக்கு ‘ஆன்’, ‘ஆள்’. பாத்திரங்களின் பேச்சுக்கு மட்டும் விலக்கு.

தலையை மட்டும் எண்ணுவது

ஐந்து ஆண், ஐந்து பெண். சரி, அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆண்கள் கண்டுபிடிக்கிறார்கள், ஓட்டுகிறார்கள், விளக்குகிறார்கள். பெண்கள் பார்க்கிறார்கள், வியக்கிறார்கள். உரையாடலில் தங்கை கேட்பாள், அண்ணன் பதில் சொல்வான். 1979இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்ற கருத்துகளை நீக்கப் பாடநூல்களைத் திருத்தச் சொல்கிறது. தலைக்கணக்கு சரியாக இருந்தால் மட்டும் அது நடந்துவிடாது.

எங்கும் ‘மாணவன்’

‘மாணவர்’ என்ற சொல் இருக்கிறது.

பயிற்சிப் பகுதியை மறப்பது

பாடத்தை நான்கு பேர் படித்துத் திருத்துவார்கள். பயிற்சியையும் விடைக்குறிப்பையும் அச்சுக்குப் போகும் முந்தின இரவில் ஒருவர் மட்டும் எழுதுவார். பாடத்திலிருந்து நாம் விரட்டிய வாக்கியங்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.