கொட்டகையில் கிடக்கும் செயின்சா: கிளப்பும் முறையும் பராமரிப்பும்

தினமும் மரம் அறுப்பவரின் மிஷின் அவ்வளவு சீக்கிரம் மக்கர் பண்ணாது. வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்கும் வீட்டு மிஷின்தான் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றாலும் கிளம்பாமல் கிடக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. வாசலில் மரம் விழுந்து கிடக்கும்போது மிஷின் கிளம்பாவிட்டால் அது வெறும் இரும்பு. அப்படி முரண்டு பிடிக்கும் மிஷினைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி டேங்கில் மாதக்கணக்காகக் கிடந்த பெட்ரோல்தான். அதனால் முதலில் பெட்ரோலைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பெட்ரோலும் 2டி ஆயிலும்

செயின்சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். உள்ளே தனியாக ஆயில் கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் ஒரே எண்ணெய், நீங்கள் பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான். கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு உரசிக் கோடு விழும், பிறகு பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் சிலிண்டர் செட் மாற்றுவது ஒன்றே வழி.

அளவு மிஷினுடன் வந்த புத்தகத்தில் இருக்கும். 50:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. விலை குறைந்த மிஷின்கள் பலவற்றுக்கு 25:1 போட்டிருப்பார்கள். 50:1 போட்டிருந்தால் அது நல்ல தர ஆயிலுக்கான கணக்கு. டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாக அளக்க வேண்டாம். மருந்துக் கடையில் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, ஆயில் அளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேனில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், பிறகு மீதிப் பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கவும். டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி குலுக்க வேண்டும்.

பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கக் கூடாது, அது எரிந்து தீராமல் கரி பிடிக்கும். கடற்கரைப் பக்கம் படகின் அவுட்போர்டு ஆயில் கையருகே இருக்கும். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்குச் செய்தது. காற்றால் குளிரும் செயின்சாவின் சூட்டை அது தாங்காது.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பல செயின்சா புத்தகங்கள் 10 சதவீதம்தான் உச்சம் என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் முதலில் உறிஞ்சுவது அந்தத் தண்ணீரைத்தான். சந்தேகம் இருந்தால் பழைய கலவையை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனி அடுக்காக ஒரு கோடு தெரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ அந்தப் பெட்ரோல் மிஷினுக்கு ஆகாது. ரப்பர் குழாயையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் சவ்வையும் விறைக்க வைப்பதும் இதே பழைய கலவைதான். ஆகவே ஒரு தடவைக்கு 1 லிட்டருக்குமேல் கலக்காதீர்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் வைக்கவே கூடாது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

செயின் ஆயில், செயின் டைட்

மிஷினில் இரண்டு மூடி இருக்கும். பங்க் பம்பு படம் போட்டது பெட்ரோலுக்கு, சொட்டும் செயினும் போட்டது செயின் ஆயிலுக்கு. மாற்றி ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறைய தீரும்படிதான் டேங்குகளை அமைத்திருப்பார்கள். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் அப்படியே இருந்தால், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்கு ஆயில் வரவில்லை என்று அர்த்தம்.

அதைச் சோதிக்க, பார் முனையை ஒரு வெள்ளை அட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து பாதி ஆக்சிலரேட்டரில் ஓட்டுங்கள். சில விநாடிகளில் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் மிஷினை நிறுத்தி, பாரைக் கழற்றி, அதன் அடிப்பகுதியிலுள்ள சின்ன ஆயில் துளையைக் கம்பியால் குத்தி எடுக்கவும். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்த பசைதான் அங்கே அடைத்திருக்கும்.

வடித்த பழைய இன்ஜின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அதிலுள்ள இரும்புப் பொடி ஆயில் பம்பைத் தின்னும். சுற்றும் செயினிலிருந்து அது தூசாகத் தெறித்து உங்கள் மேலேயே படும், தோலுக்குப் பெரிய கெடுதி. செயின் ஆயில் கிடைக்காத அவசரத்தில் புது இன்ஜின் ஆயில் ஊற்றி அன்றைய வேலையை முடிக்கலாம்.

செயின் டைட் பார்க்கும்போது மிஷின் ஆறியிருக்க வேண்டும், சுவிட்ச் ஆஃப், பிரேக் விடுவித்த நிலை, கையில் கையுறை. பார் மூடியின் நட்டுகளைக் கையால் திருகும் அளவுக்குத் தளர்த்துங்கள். பார் முனையை மேலே தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பாரின் அடிப்பக்கத்தில் செயின் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும், அதே சமயம் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். முனையைத் தூக்கிய கையை எடுக்காமலே நட்டுகளை முறுக்குங்கள். கையை எடுத்துவிட்டு முறுக்கினால் முதல் வெட்டிலேயே செயின் மறுபடி தளர்ந்துவிடும். மேல்பக்கத்தில் பல்லின் வெட்டும் விளிம்பு பார் முனையைப் பார்த்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். புதிதாக மாட்டுபவர்கள் தலைகீழாக மாட்டிவிட்டு, “வெட்டவே மாட்டேங்குது” என்பார்கள்.

புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் நீளும், இரண்டு மூன்று தடவை டைட் வைக்க வேண்டி வரும். சூட்டில் தொங்கிய செயினை டைட் வைத்திருந்தால், வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி கிராங்க் ஷாஃப்டை வளைத்து இழுக்கும்.

கிளப்பும் முறை

கைலியும் வேட்டியும் கட்டிக்கொண்டு செயின்சாவைத் தொடவே கூடாது. துணி செயினில் சிக்கினால் காலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கனமான பேண்ட், முன்பக்கம் மூடிய ஷூ, கண்ணாடி, காதடைப்பு. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பு இல்லாமல் பழகிவிட்டேன் என்பதெல்லாம் வேண்டாம். பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வந்து கிளப்புங்கள்.

மிஷினைச் சமமான தரையில் வையுங்கள், செயின் எதிலும் படக்கூடாது. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தகட்டை முன்னோக்கித் தள்ளினால் பிரேக் விழும். இதை விடாதீர்கள். சோக்கில் கிளம்பும் இன்ஜின் நேராக வேகமான ஓட்டத்தில் கிளம்பும். பிரேக் இல்லாவிட்டால் அந்த விநாடியே செயின் சுற்றும்.

சுவிட்ச் ஆன். பிரைமர் பல்ப் இருந்தால் அதில் பெட்ரோல் தெரியும்வரை ஐந்தாறு தடவை அமுக்குங்கள். சோக்கை முழுதாக இழுங்கள். கயிறு இழுப்பதை லேசாக்கும் டீகம்ப்ரஷன் பட்டன் இருந்தால் அமுக்குங்கள். வலது ஷூ முனையைப் பின் கைப்பிடிக்குள் விட்டு மிதித்து, இடது கையை முன்கைப்பிடியில் முழங்கை மடங்காமல் ஊன்றுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் தடுக்கும். அங்கிருந்து ஒரே வேகமாக இழுங்கள். கயிறு முழுதும் வெளியே வரும்வரை இழுக்க வேண்டாம், அறுந்துவிடும். பிடியை விட்டுவிடவும் வேண்டாம், கையோடு திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.

முக்கியமான கட்டம் இது. நாலைந்து இழுப்புக்குள் இன்ஜின் ஒரு தடவை “டுப்” என்று முனகி உடனே அணையும். அரை விநாடிதான், காதடைப்போடு இருந்தால் கேட்காமலும் போகலாம், ஆனால் கயிற்றில் ஓர் உதறல் தெரியும். அந்த “டுப்” வந்ததுமே முழு சோக்கை எடுத்துப் பாதி சோக்குக்கு வர வேண்டும். அதைக் கவனிக்காமல் முழு சோக்கிலேயே இன்னும் பத்து தடவை இழுப்பதால்தான் இன்ஜினுக்குள் பெட்ரோல் நிரம்பி, கிளம்ப வேண்டிய மிஷினும் கிளம்பாமல் போகிறது. பாதி சோக்கில் ஓரிரு இழுப்பில் கிளம்பிவிடும். கிளம்பியதும் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி உடனே விட்டால் நிதான ஓட்டத்துக்கு வரும். அதன்பிறகே பிரேக் தகட்டைப் பின்னால் இழுத்து விடுவிக்கவும். பிரேக் போட்டபடி ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கிளட்ச் கருகும்.

ஏற்கெனவே சூடான இன்ஜினுக்குச் சோக் தேவையில்லை. ஒரு கையில் மிஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றை உதறிக் கிளப்புவதைப் பலர் திறமையாக நினைக்கிறார்கள். செயின் தொடையருகே ஆடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

கிளம்பவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள்

பிளக் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பெட்ரோலில் நனைந்து வந்தால் இன்ஜின் நிரம்பியிருக்கிறது. சுவிட்ச் ஆஃப் செய்து, சோக்கை எடுத்து, பிளக் துளை கீழே பார்க்க மிஷினைச் சாய்த்து, ஆக்சிலரேட்டரை முழுதாக அமுக்கி ஏழெட்டு தடவை கயிற்றை இழுத்துவிடுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் கிளப்பவும். பல தடவை இழுத்தும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை ஒரு வளைந்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றவும். குழாய் வெடித்திருந்தால் அதையும் மாற்றவும். எலி கடித்த பெட்ரோல் குழாய் நம்மூர்க் கொட்டகைகளில் புதிதல்ல. ஃபில்டரும் குழாயும் நன்றாக இருந்தால் கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்திருக்கும்.

நன்றாக ஓடும் மிஷினின் பிளக் முனை பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். ஈரக் கரி என்றால் ஆயில் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் இன்ஜின் பெட்ரோல் போதாமல் சூடாகிறது. அப்படியே ஓட்டாமல் காற்று எங்காவது கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் பாருங்கள். பிளக் முனையின் இடைவெளி பொதுவாக 0.5 முதல் 0.7 மி.மீ. வரை, சரியான எண் புத்தகத்தில் இருக்கும்.

பத்து நிமிடம் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் “உஸ்” என்று காற்று உள்ளே போய், மறுபடி கிளம்பினால், டேங்குக்குக் காற்று விடும் வென்ட் அடைத்திருக்கிறது. நிதான ஓட்டத்திலேயே செயின் சுற்றினால் எல்ஏ அல்லது டி என்று குறித்த ஸ்க்ரூவை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நிறுத்துங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும், மாற்றும்வரை வேலை செய்யக் கூடாது. எச் என்று குறித்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். சத்தம் கூடுகிறது என்று அதை இறுக்கினால் ஆயிலும் சேர்ந்து குறைந்து பிஸ்டன் போய்விடும்.

பல் தீட்டுவது

வெட்டும்போது சீவல் சீவலாக வந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவு போலத் தூள் வந்தாலும், மிஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது என்றாலும் பல் மழுங்கிவிட்டது. தென்னையும் பனையும் வெளிப்பட்டை ஓரம் இரும்பாக இருக்கும், சீக்கிரம் மழுக்கும். அடிமரத்தில் மண் ஒட்டியிருந்தால் முதலில் தட்டிக் கழுவுங்கள். செயின் மண்ணை ஒரு தடவை தொட்டாலே போதும், தீட்டத்தான் வேண்டும். தெருவோர வேம்பிலும் புளியிலும் ஆணி இருக்கும்.

வட்ட அரத்தின் அளவு செயினின் பிட்சை, அதாவது அங்குலத்தில் சொல்லும் கண்ணி அளவைப் பொறுத்தது. சின்ன மிஷின்களின் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., பெரும்பாலான வீட்டு மிஷின்களில் வரும் 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. பாரை வைஸில் பிடித்து, பிரேக் போட்டு, பல்லின் மேலுள்ள சாய்கோட்டுக்கு இணையாக, பொதுவாக 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். மிகக் குட்டையான பல்லை முதலில் தீட்டி, மற்றதையெல்லாம் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கப் பல் நீளமாக இருந்தால் வெட்டு வளைந்து போகும்.

நாலைந்து தடவை தீட்டிய பின் பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டையும் பார்க்க வேண்டும். பல் தேயத் தேய உயரமும் குறையும், மேடு அப்படியே நிற்கும், பல் மரத்தைத் தொடாமல் வழுக்கும். இரண்டு பல்லின் மேல் நேரான தகடு ஒன்றை வைத்தால் மேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் பொதுவாக 0.65 மி.மீ. இடம் வேண்டும். ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மி.மீ.; அது நுழையும் அளவுக்கு இடம் இருந்தால் மேட்டை அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள். அப்படிப்பட்ட செயின் மரத்தைக் கவ்வி உதறும், பார் முனையின் மேல்பக்கக் கால்வட்டப் பகுதி பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எழும்பும் வேகமும் கூடும். மேட்டுக்குத் தட்டை அரம், ஒரு தடவைக்கு இரண்டு தள்ளு போதும்.

ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் 0.5 மி.மீ. பள்ளம் விழுந்தால் மாற்றுங்கள், தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் கெடுக்கும்.

எடுத்து வைக்கும்போது

வேலை முடிந்த அன்றே ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். சிலிண்டரின் செதில்களுக்கு நடுவில் அடைந்த தூளைக் குச்சியால் எடுங்கள், அது இருந்தால் இன்ஜினின் சூடு வெளியேறாது. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக அணையும்வரை ஓட்டுங்கள். கார்புரேட்டரில் சொட்டுக்கூட மிஞ்சக் கூடாது. ஆறிய பின் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் விட்டு, மேலே துணி போட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்துப் பிளக்கை மாட்டுங்கள். செயினை எண்ணெயில் முக்கித் துணியில் சுற்றி, மிஷினை எலி ஏறாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் கால் லிட்டர் புதுக் கலவை ஊற்றிக் கிளப்பிப் பாருங்கள். பிளக் ஒன்று, பெட்ரோல் ஃபில்டர் ஒன்று, உங்கள் பாருக்கு ஏற்ற செயின் ஒன்று அதே பெட்டியில் இருக்கட்டும். செயின் வாங்கப் போகும்போது பாரின் நீளத்தை மட்டும் சொன்னால் போதாது. பழைய செயினின் அடியில் பாருக்குள் ஓடும் கொக்கிகளை எண்ணி, பிட்ச், கேஜ் (அந்தக் கொக்கிகளின் கனம்) இரண்டையும் பாரின் அடியில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.