காங்கிரீட் கூரை பெயர்ந்து விழும் முன் காட்டும் அடையாளங்கள்

சிமென்ட் துண்டு கட்டில் மேல் விழுந்த பிறகுதான் பலரும் கொத்தனாரைத் தேடுகிறார்கள். அதற்குள் கூரைக் காங்கிரீட்டின் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். துருவேறிய இரும்பு இரண்டு மடங்குக்கும் மேல் உப்பும். அந்த உப்பல்தான் காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. தண்ணீர் இறங்கும் வழியை முன்பே பிடித்துவிட்டால், மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்கை அடைக்கும் செலவோடு முடிந்துவிடும்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். பாசி படிந்த வட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் தேங்குகிறது, வாட்டம் (நீர் ஓடுவதற்கான சரிவு) சரியில்லை. தட்டோட்டின் மேல் நாணயத்தால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றொலி வருமிடத்தில் ஓடு தளத்தை விட்டுக் கிளம்பியிருக்கும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் இரண்டையும் குனிந்து பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டுவது வீண். வேரோடு தோண்டி எடுத்து அந்த இடத்தைப் பூச வேண்டும்.

இனி வீட்டுக்குள். டார்ச்சைக் கூரையை ஒட்டிச் சாய்த்து அடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். வலை போல ஒழுங்கின்றி ஓடும் மயிரிழைக் கீறல் பொதுவாகப் பூச்சோடு நிற்கும். நேர்கோட்டில், அரையடிக்கு ஒன்றாக ஓடும் விரிசல் கம்பியின் பாதையைக் காட்டுகிறது. பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் துரு என்றே வைத்துக்கொள்ளலாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஈரக்கறை எல்லாம் மழையால் வருவதல்ல. சித்திரை வெயிலிலும் காயாத ஓதத்துக்குக் குழாயோ மாடி பாத்ரூமோ காரணமாக இருக்கும். இரவில் டேங்கை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, வெளியேறும் வால்வை மூடித் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் டேங்கிலோ வால்வுக்கு முன்னாலோ கசிவு. இறங்கவில்லையா, மறுநாள் இரவு வால்வைத் திறந்துவிட்டு, எல்லாக் குழாயையும் மூடிப் பாருங்கள். இப்போது இறங்கினால் வால்வுக்குப் பிந்திய குழாயில் கசிவு. அதற்குமுன் ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் விட்டு அரை மணி பொறுங்கள். தண்ணீர் விடாமலே கழிப்பறைப் பேசினில் நீலம் தெரிந்தால் வாஷர்தான் கோளாறு. சுவரை உடைக்க வேண்டாம்.

சன்ஷேடை யாரும் பார்ப்பதில்லை. கூரையில் முக்கியக் கம்பி பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும்; சுவரிலிருந்து நீட்டி நிற்கும் சன்ஷேடில் அது மேல்பக்கம். அதனால் அடியில் பூச்சு உதிர்வதைவிட, மேலே சுவரை ஒட்டி ஓடும் விரிசல் ஆபத்தானது. அங்கே பூந்தொட்டி வைப்பதும், வெள்ளையடிக்க ஏறி நிற்பதும் கூடாது.

பழுது பார்க்கும்போது நடக்கும் தவறு ஒன்றுதான்: உதிர்ந்த இடத்தில் சிமென்டைக் குழைத்து அப்பிப் பட்டி வைத்து வெள்ளையடிப்பது. துரு உள்ளேயே இருப்பதால் சீக்கிரமே மறுபடி பெயரும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். கொத்தியபின் கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவு இளைத்திருந்தால் வேலையை நிறுத்துங்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கூடுதல் கம்பி எவ்வளவு என்று பொறியாளர் சொன்ன பிறகே தொடருங்கள்.