ஜட்கா பூட்டும் முறை: வார்களும் முன்பாரம் பின்பாரமும்

ஒற்றைக் குதிரை பூட்டும் இரண்டு சக்கரக் கூண்டு வண்டியான பழைய ஜட்காவைச் சீர்செய்து மறுபடியும் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் சக்கரத்துக்கும் கூண்டுக்கும்தான் செலவு செய்கிறார்கள். ஆனால் குதிரையின் முதுகு புண்ணாவதும் வண்டி பின்பக்கம் குடைசாய்வதும் பெரும்பாலும் வாராலும் பாரத்தாலும்தான்.

பூட்டுவதற்கு முன் முதுகையும் மார்பையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒட்டிய மண், காய்ந்த வியர்வை, சிறு முள் எது இருந்தாலும் துடைத்துவிட வேண்டும். வாருக்கு அடியில் மாட்டிக்கொண்ட மணல் ஓட்டத்தில் தோலை உரித்துவிடும்.

முதலில் சேணம். கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் அது உட்கார வேண்டும். சேணத்தின் இரண்டு மெத்தைகளும் முதுகெலும்புக்கு இருபுறமும் தங்க, நடுவில் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். வைக்கோல் திணித்த மெத்தை நாளாக ஆகத் தட்டையாகிவிடும். அப்போது பாரம் நேராக எலும்பில் இறங்குகிறது. முதுகில் வெள்ளை முடி முளைத்த திட்டுகள் இருந்தால், அது பழைய சேணம் அழுத்திய தழும்பு. அந்தச் சேணத்தை மறுபடி திணித்துத் தைக்காமல் போடக்கூடாது.

அடுத்து மார்புப் பட்டை. மூச்சுக்குழலுக்குக் கீழே, தோள்மூட்டுக்கு மேலே நிற்க வேண்டும். மேலே ஏறினால் மேட்டில் இழுக்கும்போது குதிரைக்கு மூச்சு முட்டும். கீழே இறங்கினால் முன்னங்கால் வீச்சு தடைபட்டு இடறும். கடிவாளம் மாட்டும்போது வாயோரத்தில் ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் விழுந்தால் அளவு சரி. பக்கத்திலும் பின்னாலும் பார்க்காதபடி மறைக்கும் கண்பட்டை இமையில் உரசக்கூடாது.

இனி வண்டி. குதிரையை நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கட்டைகளான ஏர்க்கால்களைத் தூக்கிப் பிடித்தபடி வண்டியை அதன் பின்னாலிருந்து கொண்டுவாருங்கள். பழகாத குதிரையை ஏர்க்கால்களுக்கு நடுவே பின்நடத்தினால் மிரளும். ஏர்க்கால்களைச் சேணத்தின் வளையங்களில் நுழைத்ததும் முதலில் இழுக்கும் வார், பிறகு தொடைக்குப் பின்னால் சுற்றிவரும் பின்பட்டை, கடைசியில் வயிற்று வார். அவிழ்ப்பது இதற்கு நேர் தலைகீழ். வண்டி பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். கண்பட்டையோடு பழகிய குதிரை, திடீரென்று பின்னால் வண்டியைக் கண்டால் பாய்ந்துவிடும். நிறுத்தப் பிடி இருக்காது.

சமதரையில் பின்பட்டை வீண் என்று தோன்றும். இறக்கத்தில் வண்டியைத் தாங்குவது அதுதான். அது இல்லாவிட்டால் தள்ளிவரும் பாரம் முழுவதும் சேணத்திலும், வாலடியில் சுற்றும் வால்வாரிலும் விழும்.

பாரத்துக்கு வருவோம். இரண்டு சக்கர வண்டிக்கு அச்சுதான் தராசு முள். பாரம் அச்சுக்கு முன்னால் கூடினால் ஏர்க்கால் முதுகை அழுத்தும். இறக்கத்தில் குதிரை முழங்காலிடும். இதுதான் முன்பாரம். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலெழும்பும், வயிற்று வார் அடிவயிற்றை இறுக்கும், முன்னங்கால் தரையில் பாவாது. மேடு ஏறும்போது பாரம் தானாகவே பின்னால் சரிவதால் பின்பாரம் இன்னும் மோசம். “கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க” என்று வண்டிக்காரர்கள் ஓயாமல் சொன்னது இதற்காகத்தான்.

சோதிப்பது எளிது. குதிரையைப் பூட்டாமல், ஓட்டுபவர் உட்பட எல்லோரையும் உட்காரவைத்து, ஏர்க்கால் நுனிகளைப் பிடித்து மட்டமாக நிறுத்துங்கள். கையில் அரைக் குடம் தண்ணீருக்கு மேல் கனம் தெரியக்கூடாது; கனமே இல்லாமல் கையை மேலே இழுக்கவும் கூடாது. ஜட்காவில் பின்பக்கமாகத்தான் ஏறுவார்கள். முதல் ஆள் படியில் கால் வைக்கும் நொடியில்தான் வண்டி குடைசாயும். கடைசி ஆள் ஏறி உட்காரும்வரை ஓட்டுபவர் முன்னால் நின்று ஏர்க்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இறங்கும்போதும் அப்படியே, பின்னால் இருப்பவர் முதலில் இறங்க வேண்டும்.

புறப்படுமுன் சக்கரம் கழலாமல் தடுக்கும் கடையாணியை இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை போதும். கோடையில் மரம் வற்றி இரும்புப் பட்டை தளர்ந்து கடகடவென்று சத்தம் போட்டால், சக்கரத்தை ஓர் இரவு குளத்தில் ஊறப்போட்டால் இறுகும். அது சில நாளைக்குத்தான். பட்டையை வெட்டிக் குறுக்கி, பழுக்கக் காய்ச்சி மாட்டினால்தான் நிலைக்கும்.

கொள்ளு தின்ற குதிரையை ஒரு மணி நேரம் கழித்தே பூட்டுங்கள். திரும்பி வந்ததும் வாரை அவிழ்த்து, மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்திவிட்டுத் தீனி வையுங்கள்.