மாய உலகைக் கூட்டாகப் படைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், ஒரு மிகுபுனைவு உலகைச் சேர்ந்து உருவாக்கத் தொடங்கியிருந்த நான்கு இளைஞர்கள் தங்கள் குறிப்பேட்டை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். பத்துப் பக்கம் புரட்டுவதற்குள், பல ஆண்டுகளுக்கு முன் நானும் என் நண்பர்களும் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் அதில் இருப்பதைக் கண்டேன். வாயில் நுழையாத பெயர்கள், இரண்டு நிலவுகளை வைத்துவிட்டுக் கடல் ஓதத்தை மறந்துவிடுவது போன்றவை எழுத எழுதத் தாமே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேண்டாதவற்றைப் பேசாமல் தொடங்குவது

முதல் சந்திப்பில் எல்லோரும் தமக்கு என்ன வேண்டும் என்றே பேசுவார்கள். பென் ராபின்ஸ் 2011-இல் வெளியிட்ட ‘மைக்ரோஸ்கோப்’ என்னும், கூட்டாகக் கதை புனையும் விளையாட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு பட்டியல்களை எழுதச் சொல்கிறது. இப்படிப்பட்ட உலகில் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய ஒன்றை விலக்க விரும்பினால் அது ‘இல்லை’யில் சேரும், யாரும் எதிர்பாராத ஒன்று ‘உண்டு’வில் சேரும். ‘தெய்வங்கள் நேரில் தோன்றமாட்டா’, ‘எதிர்காலத்தை எவரும் முன்னறிய முடியாது’ என்ற இரண்டு வரிகளை முதல் நாளே எழுதியிருந்தால், எங்கள் குழு ஒரு மழைக்காலம் முழுவதும் வாதிட்டிருக்க வேண்டியதில்லை.

தாட்சண்யத்துக்காக ஒப்புக்கொள்வது

இன்றும் நினைத்தால் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. அப்போது நாங்கள் ஐந்து பேர். எங்கள் உலகில், உப்பு மூட்டை ஏற்றிவரும் கழுதைகளிடம் வாங்கும் சுங்கத்தால் வாழ்ந்த ஒரு மலைக்கணவாய் நகரம் இருந்தது. அதை எழுதியவர், சாவடித் தராசின் தேய்ந்த தட்டிலிருந்து கணக்கரின் உப்பரித்த விரல்கள் வரை நான்கு மாதம் உழைத்து எழுதியிருந்தார். ஒரு மாலை, இன்னொரு நண்பர் மிகுந்த உற்சாகத்தோடு ஒரு மந்திரத்தை முன்வைத்தார்: ஒரு நிழலுக்குள் காலடி வைப்பவர், எத்தனை காதத் தொலைவு ஆனாலும், தாம் நினைத்த வேறொரு நிழலிலிருந்து வெளியே வரலாம். கற்பனை அழகாகத்தான் இருந்தது. அவர் முகம் வாடிவிடக் கூடாதே என்று எல்லோரும் தலையசைத்தோம், நானும் அசைத்தேன்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலுக்குள் நுழைந்துவிடலாம் என்றால் கழுதை எதற்கு, கணவாய் எதற்கு, சுங்கம் எதற்கு? கோட்டைக்குள்ளும் நிழல் விழும் என்பதால் முற்றுகைப் போருக்கும் பொருளில்லாமல் போயிற்று. ஓட்டைகளை அடைக்க, மேகமூட்டமான நாளில் பலிக்காது, அரச குலத்தார் நிழலில் பலிக்காது என்று விதிவிலக்குகளை அடுக்கினோம். பதினேழு ஆனபோது, அவற்றை நினைவில் வைத்திருப்பவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. நகரத்தை எழுதியவர் சண்டை போடவில்லை. அடுத்த சந்திப்புக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

அன்று மாலையே நாங்கள் கேட்டிருக்க வேண்டியவை சில உண்டு. இதை யாரெல்லாம் செய்ய முடியும்? செய்பவர் எதை இழக்கிறார்? எவ்வளவு சுமை உடன் வரும்? ஒரு திருடனுக்கும், வணிகனுக்கும், படைத்தலைவனுக்கும், நோயுற்ற குழந்தையின் தாய்க்கும் இது கிடைத்தால் முதல் வாரமே என்ன செய்வார்கள்? ஒரு தலைமுறை கழிந்தபின் எந்தத் தொழில் அழிந்திருக்கும், எது புதிதாகப் பிறந்திருக்கும்? இப்படிக் கேட்பதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருவர் கொண்டுவந்ததை மதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த நண்பரின் சம்மதத்தோடு அதே மந்திரத்தை வேறொரு குழுவில் எடுத்துக்கொண்டு, உடுத்திய துணியைத் தவிர வேறெதுவும் உடன் வராது என்ற ஒரே வரம்பை வைத்தோம். உப்பு கழுதை முதுகிலேயே போயிற்று. செய்தி மட்டும் நிழல்வழி போயிற்று. கடிதத்தை எடுத்துச்செல்ல முடியாததால், அதைச் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் தூதர் கூட்டம் ஒன்று உருவானது. அவர்களில் ஒருத்தி ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதில்தான் அந்த உலகின் முதல் போர் மூண்டது.

முடிவுகளை எழுதி வைக்காதது

அன்றைக்கே எழுதுங்கள், கைவிட்டதையும் எழுதுங்கள்.

வரைபடத்தை ஓரம்வரை நிரப்புவது

பின்னால் சேருபவருக்கு இடம் வேண்டும்.

இறந்தவரை எளிதில் எழுப்புவது

1826-இல் தந்தை வாங்கிவந்த மரச் சிப்பாய் பொம்மைகளை வைத்து, சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும், இங்கிலாந்தின் எழுத்தாளர் குடும்பமான பிரான்டே உடன்பிறப்புகள் ‘கண்ணாடி நகரம்’ என்ற உலகைப் படைத்தார்கள். அந்த உலகைக் காக்கும் பூதங்களும் அவர்களே. மடிந்த வீரர்களை அவர்களால் மீண்டும் எழுப்ப முடிந்தது. நாளைய சண்டைக்கும் அதே பொம்மைகள் வேண்டும் என்பதால், விளையாட்டுக்கு அது பொருந்தியது. பல ஆண்டுகள் நீளும் கதையில் அந்த ஆற்றலை விலையின்றி வைத்தால், எந்தச் சாவுக்கும் யாரும் அழமாட்டார்கள். உயிரைக் கொடுத்து ஒருவர் காத்த வாக்குக்கும் எடை இருக்காது. எங்கள் உலகில், எழுப்பப்பட்டவரைப் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது என்று வைத்த பிறகுதான், அந்த மந்திரத்தைக் கேட்டு வருபவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்கத் தொடங்கினார்கள்.

பிரிவதைத் துரோகமாக நினைப்பது

எமிலியும் ஆனும் பின்னர் விலகி, ‘கோண்டால்’ என்னும் தங்கள் சொந்த உலகை அமைத்துக்கொண்டார்கள். சார்லட்டும் பிரான்வெலும் கண்ணாடி நகரத்திலிருந்து வளர்ந்த ‘அங்கிரியா’ என்னும் நாட்டைத் தொடர்ந்து எழுதினார்கள்.