பழைய பைபர் படகின் தடிமனையும் அடுக்கையும் சோதிப்பது எப்படி?

காரைக்குடியில் இருந்துகொண்டு பாய்மரப் படகு வாங்க ஆசையா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொண்டிக் கரைப் பக்கம் போனால் ஒதுக்கிப்போட்ட பழைய பைபர் படகுகள் கண்ணில் படும். உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முதலில் அவற்றில் கை பழகுங்கள். மீன்பிடிப் படகோ பாய்மரப் படகோ, சோதிக்கும் முறை ஒன்றுதான்.

வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவர், 220 நம்பர் வாட்டர் பேப்பர், பூதக்கண்ணாடி, நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு.

"அந்தக் காலத்துப் படகு தடியா இருக்கும், அதனால பலம்" என்று விற்பவர் சொல்வார். பாதி உண்மை. 1959-இல் வந்த பியர்சன் ட்ரைட்டன் என்ற அமெரிக்கப் பாய்மரப் படகு போன்றவற்றின் உடல் முழுக்கக் கண்ணாடியிழையும், அதை ஒட்டவைக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினும்தான். கண்ணாடியிழை சுலபத்தில் அறாது, ஆனால் வளையும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் விறைப்புக்காக அடுக்கைக் கூட்டினார்கள். ஆனால் அந்தத் தடிமனில் இழை எவ்வளவு, வெறும் ரெசின் எவ்வளவு? அதைத்தான் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போலத்தான்: ஒவ்வொரு கையும் முந்தைய கையோடு ஒட்டினால்தான் சுவர்.

படி 1: அளப்பது. குழாய்க்காகத் துளைத்த இடம், விளிம்பு என்று குறுக்குவெட்டு தெரியும் இடங்களில் காலிப்பரை வையுங்கள். ஒரே இடத்தோடு நிறுத்தாதீர்கள். மேல்பக்கம் மெலிதாகவும் அடிப்பக்கம் தடியாகவும் இருப்பது இயல்பு.

படி 2: தட்டுவது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் உள்ளங்கை இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. மொத்தையான சத்தம் வந்தால் அடுக்கு பிரிந்திருக்கலாம். மேல்தளத்தில் அப்படிக் கேட்டால் இன்னும் கவனம்: பல பழைய படகுகளில் அங்கே இரண்டு மெல்லிய பைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் இற்றுவிடும்.

படி 3: அடுக்கை எண்ணுவது. வெட்டு விளிம்பை வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாறுமாறாகத் தெரிவது மேட், அதாவது நறுக்கிய இழைகளைப் பரப்பிய விரிப்பு. பாய் பின்னலைப் போல வரிசையாகத் தெரிவது ரோவிங், அதாவது நெய்த இழைத் துணி. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும். 10 மி.மீ. தடிமனில் ஐந்தாறு அடுக்குதான் தெரிகிறது என்றால் மீதி ரெசின். நொறுங்கும் ரகம் அது.

படி 4: எரித்துப் பார்ப்பது. எனக்குப் பிடித்த சோதனை இதுதான், பொய் சொல்லாது. துளை போடும்போது கிடைக்கும் வில்லையை எடுத்து, ஜெல் கோட்டை, அதாவது வெளிப்புற நிறப் பூச்சை, தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் நிறப்பொடி சாம்பலில் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே திறந்த இடத்தில், புகை அடிக்கும் பக்கம் நிற்காமல், கரி அடுப்பில் பழைய தட்டில் வைத்து எரியுங்கள். புகை கெடுதி, மாஸ்க் கட்டாயம். சமையல் அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். ரெசின் கருகிப் போனதும் வெள்ளை இழை மட்டும் மிஞ்சும். ஆறியதும் ஏடு ஏடாகப் பிரித்து எண்ணலாம். 20 கிராமில் 7 கிராம் மிஞ்சினால் இழை 35 சதவீதம். கையால் போட்ட வெறும் மேட் வேலைக்கு 30 முதல் 35 வரை சரி. ரோவிங் கலந்தால் கூடும். 25-க்குக் கீழே போனால் விலை பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் கொப்புளம். இரும்பு துருப்பிடிப்பதை ஆராய நம் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பைபர் துருப்பிடிக்காது, ஆனால் ஜெல் கோட் வழியாக நீர் புகுந்தால் கொப்பளிக்கும். குத்தினால் வினிகர் வாடையோடு திரவம் பீச்சும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள். ஜெல் கோட்டோடு நின்ற கொப்புளம் என்றால் தேய்த்துக் காயவிட்டு எப்பாக்சி என்ற பிசினைப் பூசலாம். உள்ளே மேட் அடுக்குவரை போயிருந்தால் செலவு கூடும், அதை விலையில் கழியுங்கள்.