இடுக்கி அணையில் ஷட்டரைத் தேடாதீர்கள்

இடுக்கி அணையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "தண்ணீர் எந்தப் பக்கம் கொட்டும்?" என்றுதான். அந்தச் சுவரில் ஷட்டரே கிடையாது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே, சுமார் 169 மீட்டர் உயரத்துக்கு வில்லாக வளைந்து நிற்கும் வெறும் கான்கிரீட் அது. வில்லின் முதுகு தண்ணீர்ப் பக்கம். தண்ணீர் தள்ளத் தள்ள அந்தப் பாரம் இரு பக்கப் பாறைகளுக்குப் போய்ச் சேரும். ஷட்டர்கள் இருப்பது பக்கத்துச் செறுதோணி அணையில். இந்த இரண்டு அணைகளோடு குளமாவு அணையும் சேர்ந்து, மூன்றுமாகத் தேக்கி வைத்திருப்பது ஒரே நீர்த்தேக்கம்தான்.

அடுத்த குழப்பம் நீர்மட்டம். மேட்டூர் 120 அடி என்று படித்துப் பழகிய நமக்கு, இடுக்கி 2,403 அடி என்றதும் தலை சுற்றும். மேட்டூர் கணக்கு அணையின் அடியிலிருந்து. இடுக்கி கணக்கு கடல் மட்டத்திலிருந்து. அதனால் "2,390 இருக்கிறதே, கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது" என்று சொல்லிவிடவும் முடியாது. முழுக் கொள்ளளவை நெருங்கும்போது ஓர் அடி என்பது அரை டி.எம்.சி.க்கும், அதாவது 50 கோடி கன அடிக்கும் மேல்.

பெரிய தவறு ஒன்று இருக்கிறது: அணைக்குக் கீழே உள்ள ஆற்றை நம்புவது. மின்சாரம் எடுத்த தண்ணீர் மறுபடி இந்த ஆற்றுக்கு வருவதில்லை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மூலமற்றம் மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வேறு ஆற்றில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே செறுதோணியில் ஆறு பெரும்பாலும் ஒல்லியாகத்தான் கிடக்கும். பாறையில் உட்கார்ந்து சாப்பிடலாம் போலத் தோன்றும். 1992-க்குப் பிறகு 26 வருடம் ஷட்டரைத் திறக்கவே இல்லை. ஊரும் ஆற்றை மறந்து கரையை ஒட்டி வளர்ந்தது. 2018 ஆகஸ்டில் ஐந்து ஷட்டர்களும் திறந்தன. பேரிடர் மீட்புப் படைக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செறுதோணிப் பாலத்தில் ஓடிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாலத்தின் மேலேயே வெள்ளம் போனது. அதற்குப் பின்னும் பல முறை திறந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் எச்சரிக்கை விட்டிருந்தால் ஆற்றுப் பக்கம் இறங்கவே வேண்டாம், வெயில் அடித்தாலும் சரி.

அப்புறம், அணை மேல் எல்லா நாளும் விடமாட்டார்கள். எந்த நாளில் திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். செல்போன், கேமராவுக்கு மேலே அனுமதி இல்லை. அந்த போட்டோ கனவை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் தவறுதான் என்பேன். கட்டப்பனை சாலையில் உள்ள கல்வாரி மவுண்ட் ஏறினால்தான் இந்தத் தண்ணீர் எத்தனை மலை மடிப்புக்குள் நுழைந்து கிடக்கிறது என்பது தெரியும். பனி மூடியிருந்தால் உடனே கீழே இறங்கிவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருந்தால் பனி விலகும், தண்ணீர் துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.